கட்டிய வரிசையும் ஒரு பாரம்

(கட்டடப் பொறியியல் குறித்துப் பொது அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பைசா கோபுரம் சாய்ந்திருக்கிறது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். அது வளைந்தும் இருக்கிறது என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. 1173-இல் அதைக் கட்ட ஆரம்பித்தார்கள். நான்காவது அடுக்கில் கை வைத்தபோது, 1178 வாக்கில், வேலை நின்றது. போர்கள் காரணம் என்பார்கள். ஏறக்குறைய நூறு வருஷம் கோபுரம் அரைகுறையாகவே கிடந்தது. 1272-இல் மறுபடி தொடங்கி, 1278-இல் ஏழாவது அடுக்கோடு இன்னொரு முறை நிறுத்தினார்கள். உச்சியில் மணிக்கூண்டு ஏறியபோது 1370 ஆகிவிட்டது.

ஒவ்வொரு முறை வேலை தொடங்கும்போதும் கொத்தர்கள் சாய்வைப் பார்த்திருக்கிறார்கள். இறங்கிய பக்கத்தில் கல்லை உயரமாகவும் எதிர்ப்பக்கத்தில் குட்டையாகவும் செதுக்கி, புதிய அடுக்கை மட்டத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதனால்தான் கோபுரத்தின் நடுக்கோடு நேராக இல்லாமல் வளைந்திருக்கிறது. எந்த அடுக்கு கட்டிய காலத்தில் கோபுரம் எவ்வளவு சாய்ந்திருந்தது என்பதை அந்தக் கல்வரிசைகளின் உயர வித்தியாசத்திலிருந்தே பிற்காலத்தவர் கணக்கிட்டு எடுத்தார்கள்.

நான் சொல்லவந்தது சாய்வைப் பற்றி அல்ல, அந்த நூறு வருஷ ஓய்வைப் பற்றி. கோபுரத்தின் அடியில் மென்களிமண். பாரம் ஏறினால் களிமண்ணுக்குள் இருக்கும் நீர் மெல்லக் கசிந்து வெளியேறும், மண் இறுகும், பலம் கூடும். அதற்கு வருஷக்கணக்கில் அவகாசம் வேண்டும். ஒரே மூச்சில் கட்டியிருந்தால் மண் தாங்காமல் கோபுரம் கட்டும்போதே சரிந்திருக்கும் என்பது, கோபுரத்தைக் காப்பாற்றும் குழுவில் இருந்த லண்டன் இம்பீரியல் கல்லூரிப் பேராசிரியர் ஜான் பர்லண்ட் போன்றவர்களின் முடிவு. அதே கல், அதே எடை, அதே மண். ஒரு வரிசையில் கட்டினால் எட்டு நூற்றாண்டு நிற்கிறது, வேறு வரிசையில் கட்டினால் விழுகிறது. ஆகவே கட்டுகிற வரிசையும் காலமும், எடையையும் காற்றையும் நிலநடுக்கத்தையும் போலவே, கணக்கில் சேர வேண்டிய பாரம்தான். இன்றைக்கு என் பேச்சு முழுக்க இது ஒன்றைப் பற்றித்தான்.

இப்போது நம் அலுவலகங்களுக்கு வருவோம். ஈடாப்ஸ், ஸ்டாட் புரோ, மைடாஸ் என்று மென்பொருள்கள் இருக்கின்றன. நாற்பது மாடிக் கட்டடத்தைத் தூண் தூணாக, உத்திரம் உத்திரமாகத் திரையில் வரைகிறோம். எடைகளைக் கொடுத்துப் பட்டனைத் தட்டுகிறோம். அந்த நொடியில் கணினி என்ன நடந்ததாக எண்ணிக்கொள்கிறது? நாற்பது மாடியும் எடையே இல்லாமல் முழுதாகக் கட்டி முடிந்து, கான்கிரீட் எல்லாம் ஒரே சீராக இறுகிவிட்டது. அதற்கு அப்புறம் ஒரே கணத்தில் புவியீர்ப்பு வந்து இறங்குகிறது. அப்படியொரு கட்டடத்தை இந்த உலகத்தில் யாரும் எந்தக் காலத்திலும் கட்டியதில்லை. ஆனாலும் நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் கணக்குகளில் பெரும்பாலானவை அந்த இல்லாத கட்டடத்தின் கணக்குகள்தான்.

சின்னக் கட்டடத்தில் இதனால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. உயரம் கூடக் கூடத்தான் வித்தியாசம் தலைகாட்டும். எப்படி என்பதை விரல்விட்டு எண்ணியே பார்த்துவிடலாம்.

பத்து மாடிக் கட்டடம் ஒன்றில் ஒரே ஒரு தூண்வரிசையை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு மாடி எடை ஏறினால், அதைத் தாங்கும் ஒவ்வொரு மாடித் தூணும் ஒரு அலகு குறுகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா எடையும் ஒரே கணத்தில் ஏறினால், அடித்தூண் பத்து மாடியைத் தாங்குவதால் 10 அலகு குறுகும். அடுத்தது 9, அதற்கடுத்தது 8, கடைசித் தூண் 1. பத்தாவது தளம் இறங்கியது இவற்றின் கூட்டுத்தொகை, 55 அலகு. ஐந்தாவது தளம் 10, 9, 8, 7, 6 சேர்த்து 40. மேலே போகப்போக இறக்கம் ஏறிக்கொண்டே போகிறது. உச்சியில்தான் மிக அதிகம்.

நிஜத்தில் என்ன நடக்கிறது? பத்தாவது தளத்துக்குச் சென்ட்ரிங் அடிக்கும்போது கீழே ஒன்பது தளங்கள் ஏற்கெனவே ஏறியிருக்கின்றன. அவற்றால் குறுக வேண்டியது குறுகிவிட்டது. மேஸ்திரி அந்தக் குறுகலைப் பற்றி யோசிப்பதுகூட இல்லை. ரசமட்டமோ லெவல் கருவியோ வைத்து, பத்தாவது தளம் எந்த உயரத்தில் இருக்க வேண்டுமோ அந்த உயரத்தில் பலகையைக் கட்டிவிடுகிறார். குறைந்த மில்லிமீட்டரெல்லாம் அந்தக் கான்கிரீட்டுக்குள்ளேயே நிரவிப் போய்விடுகிறது. அதன்பிறகு அந்தத் தளத்தை இறக்குவது அதன் சொந்த எடை மட்டும்: ஒரு மாடி எடை, பத்துத் தூண்கள், 10 அலகு. கணினி சொன்னது 55.

ஐந்தாவது தளத்தைப் பாருங்கள். அது போட்ட பிறகு ஏறியவை ஆறு மாடி எடைகள். கீழே ஐந்து தூண்கள். ஆறைந்து முப்பது. முதல் தளத்துக்கு 10. அடியில் 10, நடுவில் 30, உச்சியில் மறுபடி 10. எல்லா எடையையும் ஒரே கணத்தில் ஏற்றும் கணக்கில் (இனி இதை ஒரே கணக்கு என்கிறேன்) உச்சியில் இருந்த பெரிய இறக்கம், வரிசையாகக் கட்டும்போது கட்டடத்தின் இடுப்புக்கு வந்துவிட்டது.

இதையே நாற்பது மாடிக்குப் போட்டால் ஒரே கணக்கில் உச்சிக்கு 820 அலகு, வரிசைக் கணக்கில் 40, நடுமாடியில் 420. மில்லிமீட்டரில் வேண்டுமா? எம் 40 கான்கிரீட், 3 மீட்டர் மாடி உயரம், அடித்தூணில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 10 நியூட்டன் அழுத்தம் என்று கொண்டால், முதல் கணக்கில் உச்சித் தளம் 19 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கும். இரண்டாவது கணக்கில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. நடுவில் 10 மில்லிமீட்டர்.

எல்லாத் தூணும் சமமாக இறங்கினால் யாருக்கும் கவலையில்லை. கவலையே பக்கத்தில் இருக்கும் ஷியர் வாலால்தான். லிஃப்டையும் படிக்கட்டையும் சுற்றி எழும் அந்தத் தடித்த சுவரில் அழுத்தம் பொதுவாகக் குறைவு. அது அவ்வளவு குறுகாது. ஒரு உத்திரம் ஒரு முனையில் சுவரிலும் மறுமுனையில் தூணிலும் உட்கார்ந்திருந்தால், தூண் முனை இறங்கி, சுவர் முனை நின்றுவிடும். உத்திரத்தை வளைக்கும் விசையை நாங்கள் மொமென்ட் என்போம். ஒரே கணக்கில் மேல்மாடிகளில் அது விபரீதமாக ஏறும். சுவர்ப்பக்கம் மேல்கம்பி கட்டுக்கட்டாகத் தேவை என்று திரை சொல்லும், தூண்பக்கம் அடிக்கம்பி கேட்கும். வேலையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் இதைப் பார்த்துத் திகைப்பார்கள்: மொட்டை மாடி உத்திரத்துக்கா இவ்வளவு கம்பி?

கம்பி வீணாவதோடு போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் மறுபக்கம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அந்த உத்திரங்கள் தூணைப் பிடித்துத் தூக்குவதாகக் கணினி நம்புவதால், தூணின் பாரத்தில் ஒரு பகுதி சுவருக்குப் போய்விட்டதாகவும் நம்புகிறது. நிஜத்தில் உத்திரம் வருவதற்கு முன்பே கீழ்த்தூண்கள் குறுகிவிட்டன. பின்னால் வந்த உத்திரம் நடந்து முடிந்ததைத் தூக்க முடியாது. ஆகவே தூண் சுமப்பது திரை சொல்வதைவிட அதிகம். உச்சியில் வேண்டாத கம்பி, அடியில் போதாத தூண். ஒரே பிழை இரண்டு பக்கமும் வெட்டுகிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதி இல்லை. உயர்ந்த கட்டடங்களில் தூண் குறுகுவது பற்றி மார்க் ஃபின்டெலும் ஃபஸ்லுர் கானும் 1969-இலேயே எழுதினார்கள். 1974-இல் பாங்காக்கில் நடந்த உயர்கட்டட மாநாட்டில் செல்வராஜ், சர்மா என்ற இருவர், கட்டும் வரிசை சட்டகத்தின் விசைகளை எப்படி மாற்றுகிறது என்று கட்டுரை வாசித்தார்கள். 1985-இல் கொரியாவின் சோயும் கிம்மும் மாடி மாடியாக எடையேற்றும் முறையை ஒழுங்குபடுத்தி வெளியிட்டார்கள். அன்றைக்குக் கணினி நேரம் தங்கத்துக்குச் சமம். நாற்பது மாடிக்கு நாற்பது தடவை சமன்பாடு தீர்ப்பது கட்டுப்படியாகாது. அதனால் குறுக்குவழிகள் பிறந்தன. அவற்றில் ஒன்று இன்றும் உயிரோடிருக்கிறது. தூணின் குறுக்குப்பரப்பைக் கணினியில் பத்து மடங்கு, நூறு மடங்கு என்று பெருக்கிவிடுவது. தூண் குறுகவே குறுகாது. மேல்மாடி மொமென்ட் மாயமாகிவிடும். அதே மாதிரியைக் காற்றுக்கும் நிலநடுக்கத்துக்கும் பயன்படுத்திவிட்டால் கட்டடம் உள்ளதைவிட விறைப்பாகத் தெரியும், அசைவு குறைவாகத் தெரியும். ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய். இப்போது மென்பொருள்களிலேயே வரிசைக் கணக்குக்கென்று தனி வசதி இருக்கும்போது, இந்தக் குறுக்குவழிக்கு நியாயமே கிடையாது என்பது என் எண்ணம்.

வரிசைக் கணக்கு செய்வது அப்படியொன்றும் மந்திரமில்லை. முதல் மாடியை மட்டும் வைத்து அதன் எடையை ஏற்றித் தீர்க்கிறோம். பிறகு இரண்டாவது மாடியைச் சேர்க்கிறோம். இப்போது இரண்டாவது மாடியின் எடை மட்டும் புதிதாக ஏறுகிறது. இன்னும் கட்டாத மாடிகள் கணக்கில் இல்லவே இல்லை. இப்படியே உச்சிவரை போய், ஒவ்வொரு படியின் விசையையும் கூட்டிக்கொண்டே வருகிறோம். இதில் இளைஞர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வரிசையாக ஏறுவது கான்கிரீட்டின் சொந்த எடை. சுவரும் பூச்சும் தரையோடும் பல மாடி பின்தங்கி வரும். மனிதர்களும் மேசை நாற்காலிகளும் வருவது எல்லாம் முடிந்த பிறகு. அந்தப் பாரங்களுக்கு முழுக் கட்டடத்தின் கணக்குதான் சரி. எல்லாவற்றையும் வரிசையில் போட்டுவிட்டால் எதிர்த்திசையில் தவறுவோம்.

அடுத்ததாக, நம் நகரங்களில் எல்லோரும் பார்த்திருக்கும் ஒரு காட்சி. மேலே குடியிருப்போ விடுதி அறைகளோ. கீழே வாகனம் திரும்ப வேண்டும், அல்லது கல்யாண மண்டபம் வேண்டும், நடுவில் தூண் கூடாது. மேலிருந்து வரும் தூணை முதல் தளத்தில் ஒரு பெரிய உத்திரத்தின்மேல் நிறுத்திவிடுகிறார்கள். மிதக்கும் தூண் என்பார்கள். தாங்கும் உத்திரம் டிரான்ஸ்ஃபர் கர்டர். நிலநடுக்க விசையைத் தாங்கும் சட்டகத்தில் மிதக்கும் தூண் கூடாது என்று நிலநடுக்கத்துக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பு தடுத்திருக்கிறது. எடையை மட்டும் தாங்கும் இடங்களில் இன்றும் வருகிறது.

ஒரே கணக்கில் இந்த கர்டர் தப்பித்துவிடும். பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சும்மா அடுக்கினால் ஒவ்வொன்றும் தனித்தனியே வளையும். பசை போட்டு ஒட்டி ஒரே கட்டையாக்கினால் லேசில் வளையாது. மேலே உள்ள எல்லா மாடி உத்திரங்களும் தூண்களும் ஆரம்பத்திலேயே ஒட்டிய கட்டை என்று கணினி எண்ணுகிறது. அந்தக் கட்டை முழுவதும் சேர்ந்து பாரத்தைச் சுமப்பதாகக் காட்டுவதால் கர்டரின் பங்கு குறைந்துவிடும். உச்சிக்குப் போனால் மிதக்கும் தூண் அழுத்தத்தில் இல்லாமல் இழுவிசையில் இருக்கும், அதாவது தொங்கிக்கொண்டிருக்கும். நிஜத்தில் இரண்டாவது மாடி கான்கிரீட் போடும் அன்று மூன்றாவது மாடி என்று ஒன்று கிடையாது. கர்டர் தனியாகத்தான் சுமக்கிறது. ஒட்டுவதற்குப் பசை வரும்போது பாதிப் பாரம் ஏறி முடிந்திருக்கும்.

இதிலும் ஒரு திருப்பம் உண்டு. கர்டருக்கு அடியில் கொடுத்த முட்டுகளை நாலைந்து மாடி ஏறும்வரை எடுக்காமல் வைத்திருந்தால் கதை மாறும். முட்டு எடுக்கும் அன்று அந்த நாலைந்து மாடியும் சேர்ந்து வளையும், பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். ஆகவே இந்த கர்டரில் எவ்வளவு கம்பி வேண்டும் என்ற கேள்விக்கு, முட்டு எப்போது எடுப்பீர்கள் என்று தெரியாமல் விடை சொல்ல முடியாது. வடிவமைப்பவர் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்பதில்லை. ஒப்பந்தக்காரர் தானாகச் சொல்வதுமில்லை. இருவரும் சந்திக்கும்போது பெரும்பாலும் பில்லைப் பற்றித்தான் பேச்சு.

இதுவரை கான்கிரீட்டை வயதில்லாத பொருளாக வைத்தே பேசினேன். அதற்கு வயது உண்டு. பாரம் ஏறிய நிமிஷத்தில் குறுகுவது ஒன்று. அதே பாரத்தின் கீழ் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல மெல்லக் குறுகுவது இன்னொன்று. இதை கிரீப் என்கிறோம். கான்கிரீட்டுக்கான நம் தரவிதி ஐ.எஸ். 456 இதற்குக் கொடுக்கும் எண்களைப் பாருங்கள். 7 நாள் வயதில் பாரம் ஏறினால், முதலில் குறுகியதைப்போல் இன்னும் 2.2 மடங்கு பின்னால் குறுகும். 28 நாள் வயதில் ஏறினால் 1.6 மடங்கு. ஒரு வருஷம் கழித்து ஏறினால் 1.1. இளம் கான்கிரீட் மேல் அவசரமாகப் பாரம் ஏற்றினால், அது ஆயுள் முழுக்க அதைக் காட்டிக்கொண்டே இருக்கும். வாரத்துக்கு ஒரு மாடி போடுகிறோம் என்று விளம்பரம் செய்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்க்க வேண்டும். பாரமே இல்லாவிட்டாலும் உலர்ந்து சுருங்குவது தனி. ஆக, நான் சொன்ன மில்லிமீட்டர்களை இரண்டு, மூன்று மடங்காக்கிக்கொள்ளுங்கள்.

துபாயின் புர்ஜ் கலீஃபாவை வடிவமைத்தபோது, எஸ்.ஓ.எம். நிறுவனத்தின் பில் பேக்கர் குழுவினர் இந்தக் கணக்கைப் பதினைந்து முப்பரிமாண மாதிரிகளாகப் போட்டார்கள். கட்டுமானத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் கட்டடம் எந்த அளவில் நிற்கும், எந்தக் கான்கிரீட்டுக்கு என்ன வயது என்று தனித்தனியாக. 828 மீட்டர் உயரத்தில் குறுகல் சில்லறை இல்லை என்பதால், ஒவ்வொரு மாடியையும் வரைபடத்தில் உள்ளதைவிடக் கொஞ்சம் கூடுதல் உயரமாகவே கட்டினார்கள்; பின்னால் குறுகிச் சரியான அளவுக்கு வரட்டும் என்று. பக்கவாட்டில் நகர்ந்ததை ஒவ்வொரு மாடியிலும் மையத்துக்குத் திருப்பிக்கொண்டார்கள். பைசாவின் கொத்தர்கள் கல்லைச் செதுக்கிச் செய்த அதே வேலை. ஒரே வித்தியாசம், இவர்கள் எவ்வளவு என்று முன்கூட்டியே கணக்கிட்டிருந்தார்கள். எனக்கு அந்தக் கட்டடத்தில் பிடித்தது இந்தக் கணக்குகூட இல்லை. வெளித்தூண்களின் அளவை, அவற்றின் அழுத்தமும் உள்சுவர்களின் அழுத்தமும் சமமாக இருக்கும்படி தேர்ந்தெடுத்துவிட்டார்கள். இரண்டும் ஒரே மாதிரி குறுகினால் சண்டையே இல்லை. பிரச்சினையைக் கணக்கிடுவதைவிட அது எழாமல் செய்வது மேல்.

எல்லா இடத்திலும் அப்படிச் செய்ய முடியாது. ஷாங்காயின் ஜின் மாவ் கோபுரத்தில் நடுச்சுவரிலிருந்து வெளித்தூணுக்கு ராட்சத எஃகுச் சட்டங்கள் போகின்றன, காற்றை எதிர்க்க. சுவரும் தூணும் வேறு வேறு அளவில் குறுகும்போது அந்தச் சட்டங்கள் நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்கும். அதனால் கட்டும் காலம் முழுக்க அவற்றின் இணைப்புகளை ஊசி கோத்ததுபோல் திரும்பவிட்டு, குறுகல் பெரும்பாலும் முடிந்த பிறகே போல்ட்களை முடுக்கினார்கள்.

பெய்ஜிங்கின் சி.சி.டி.வி. தலைமையகம் இன்னும் சுவாரசியம். இரண்டு சாய்ந்த கோபுரங்கள்; உச்சியில் அந்தரத்தில் திரும்பி ஒன்றோடொன்று சேருகின்றன. சேரும்வரை ஒவ்வொன்றும் தன் சாய்வைத் தனியாகத் தாங்கியாக வேண்டும். சேர்ந்த பிறகு வரும் பாரத்தைத்தான் இரண்டும் பகிர்ந்துகொள்ள முடியும். எப்போது இணைக்கிறோம் என்பதே உறுப்புகளில் என்ன விசை நிரந்தரமாகத் தங்கும் என்பதைத் தீர்மானிக்கும். 2007 டிசம்பரில் ஒரு விடிகாலையில் இணைத்தார்கள். வெயில் ஏறிவிட்டால் ஒரு கோபுரம் சூடாகவும் மற்றது நிழலிலுமாக, இரண்டு முனைகளும் ஒன்றையொன்று விட்டு நகர்ந்துகொண்டிருக்கும். அபுதாபியின் கேப்பிடல் கேட் 18 பாகை சாய்ந்து நிற்கும் கட்டடம். அதன் நடுச்சுவரை வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் லேசாகச் சாய்த்துக் கட்டினார்கள். மாடிகள் ஏற ஏற அது நிமிர்ந்து வந்தது. முடிந்த படத்தை மட்டும் பார்த்துக் கட்டியிருந்தால் அது வேறொரு கட்டடமாகப் போயிருக்கும்.

வானளாவிய கட்டடங்களின் பேச்சு போதும். இனி நான் சொல்லப்போவது மூன்று மாடி, ஐந்து மாடிக் கட்டடத்துக்கும் பொருந்தும். முட்டுகளைப் பற்றியது. சவுக்குக் கம்பாக இருந்தாலும் இரும்பு முட்டாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

1963-இல் பால் கிரண்டி, ஏ. கபைலா இருவரும் அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் இதழில் ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டினார்கள். மூன்று மாடிக்கு முட்டு வைத்துக் கட்டுகிறோம் என்று கொள்வோம். முதல் மூன்று தளங்களின் எடை முட்டுகள் வழியாகத் தரைக்கே போய்விடும். அடிமுட்டை எடுத்ததும் மூன்றும் தத்தம் எடையைச் சுமக்கும். ஒரு தளத்தின் எடையை ஒன்று என்போம். நான்காவது தளம் போடும்போது அந்தப் பச்சைக் கான்கிரீட் எதையும் சுமக்காது. அதன் எடை கீழே மூன்றுக்கும் பிரிந்து ஆளுக்கு 1.33. மறுபடி கீழ்முட்டை எடுத்து மேலே கொண்டுபோகிறோம். முதல் தளம் தப்பிக்கிறது. அது சுமந்த உபரி மேலே உள்ளவர்கள் தலையில். ஐந்தாவது தளம் போடும்போது இரண்டும் மூன்றும் 1.78 சுமக்கின்றன. இன்னொரு முறை கீழ்முட்டை எடுத்து ஆறாவது தளம் போடும் அன்று, மூன்றாவது தளத்தின் பாரம் ஏறத்தாழ 2.37. தன் எடையைப்போல் இரண்டேகால் மடங்குக்கும் மேல்.

இதைக் கிலோவில் சொன்னால்தான் உறைக்கும். 150 மில்லிமீட்டர் தளம் சதுர மீட்டருக்கு 375 கிலோ. 2.37 மடங்கு என்றால் 890 கிலோவுக்கு அருகில். அந்தத் தளத்தை எதற்காக வடிவமைத்தோம்? சொந்த எடை 375, தரைப்பூச்சு ஒரு நூறு, வீட்டில் புழங்கும் பாரம் 200. ஆக 675. குடிவந்தவர்கள் ஆயுளுக்கும் ஏற்றாத பாரத்தை, கட்டும்போதே, வாரத்துக்கு ஒரு மாடி வேகத்தில் மூன்று வாரமே ஆன கான்கிரீட்டின் மேல் ஏற்றிவிடுகிறோம். பலகை எடையும் ஆட்களும் அடுக்கிவைத்த கம்பிக்கட்டும் இதில் சேரவில்லை. பாதுகாப்புக்கென்று வைத்த ஒன்றரை மடங்கில் பெரும்பகுதி இங்கேயே கரைந்துபோகிறது. பெரும்பாலான தளங்கள் தாங்கிக்கொள்கின்றன என்பது உண்மை. ஆனால் அப்போது விழுந்த மெல்லிய விரிசல்களோடும் தொய்வோடும்தான் அவை வாழ்க்கையைத் தொடங்குகின்றன.

தாங்காதவையும் உண்டு. 1973 மார்ச் 2-ஆம் தேதி, அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பெய்லீஸ் கிராஸ்ரோட்ஸ் என்ற இடத்தில் ஸ்கைலைன் பிளாசா கட்டடம். 24-ஆவது தளத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. கீழே முட்டுகளை முன்கூட்டியே எடுத்ததால், 23-ஆவது தளம் தூண்களைச் சுற்றித் துளைபட்டு இறங்கியது. ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து தரைவரை வந்தது. பதினான்கு தொழிலாளர்கள் இறந்தார்கள். ஐந்து வருஷம் கழித்து, 1978 ஏப்ரல் 27-இல், மேற்கு வர்ஜீனியாவின் வில்லோ ஐலண்டில் ஒரு மின்நிலையக் குளிர்விப்புக் கோபுரம். அங்கே சாரம் தரையிலிருந்து எழவில்லை. கோபுரத்தின் சுவரிலேயே மாட்டியிருந்தது. முந்தின நாள் போட்ட கான்கிரீட்டில் மாட்டியிருந்தது. அது இன்னும் இறுகியிருக்கவில்லை. 51 பேர் இறந்தார்கள். இரண்டு விபத்துகளையும் அந்நாட்டு அரசின் தர நிர்ணய ஆய்வகம் விசாரித்தது. முடிந்த கட்டடத்தின் கணக்கு எவ்வளவு சரியாக இருந்திருந்தாலும் இந்த இரண்டையும் அது தடுத்திருக்காது.

2014 ஜூன் 28-இல் சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்ததை நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அதை இன்றைய பேச்சுக்கு உதாரணமாக நான் எடுக்கவில்லை. அங்கே எழுந்த கேள்விகள் பெரும்பாலும் வேறு. கட்டும்போது விழுந்த எல்லாவற்றையும் கட்டும் வரிசையின் தலையில் கட்டுவது நியாயமாகாது.

எத்தனை நாளில் முட்டு எடுக்கலாம் என்று நம் ஐ.எஸ். 456 சொல்கிறது. தளத்தின் தாங்கல் இடைவெளி 4.5 மீட்டர்வரை 7 நாள், அதற்குமேல் 14 நாள். உத்திரம் 6 மீட்டர்வரை 14, அதற்குமேல் 21. இதை நம் மேஸ்திரிகள் பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதை ஒட்டியே இன்னொரு பிரிவு இருக்கிறது: மேற்கொண்டு கட்டும்போது வரக்கூடிய பாரத்தையும் சேர்த்துத் தாங்கும்படி முட்டுகள் எஞ்சியிருக்க வேண்டும் என்று. அதை யாரும் மனப்பாடம் செய்ததாகத் தெரியவில்லை. 7 நாள் என்பது தளம் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும் நாள். அதன் தலையில் இன்னொரு தளத்தின் முட்டு நிற்கும்போது அந்த எண்ணுக்கு அர்த்தமே வேறு.

உங்கள் வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அடுக்ககத்தில் செங்கல் சுவரும் மேலே உள்ள உத்திரமும் சந்திக்கும் இடத்தில் கோடுபோட்டதுபோல் விரிசல். சில வீடுகளில் சுவரின் நடுவில் மூலைக்கு மூலை விரிசல். பூச்சு சரியில்லை என்று சண்டை நடக்கும். பல நேரம் காரணம் வரிசைதான். மேல்மாடிகள் ஏறுவதற்கு முன்பே கீழ்மாடிச் சுவரை உத்திரத்தின் அடிவரை இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். பின்னால் ஏறும் ஒவ்வொரு பாரத்துக்கும் அந்த உத்திரம் தொய்கிறது. தொய்ந்து சுவரின் தலையில் உட்காருகிறது. பாரம் தாங்க வேண்டாத சுவர் பாரம் தாங்குகிறது. இதற்கு வழி, சுவரை மேல்மாடியிலிருந்து கீழ்நோக்கிக் கட்டி வருவது, அல்லது கடைசி வரிசைக்கு இடைவெளி விட்டு எல்லாம் ஏறிய பிறகு அடைப்பது. இரண்டுக்குமே பெரிய கூடுதல் செலவு கிடையாது.

அப்படியானால் எல்லாக் கட்டடத்துக்கும் வரிசைக் கணக்கு போட வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். ஐந்தாறு மாடி, தூண்கள் அடியிலிருந்து நுனிவரை நேராகப் போகின்றன, கர்டர் மேல் நிற்கும் தூண் இல்லை என்றால், பழைய கணக்கே போதும். இருபது மாடியைத் தாண்டினாலோ, மிதக்கும் தூண் ஒன்றே ஒன்று இருந்தாலோ போட்டாக வேண்டும் என்பது என் கட்சி. மிதக்கும் தூண் இருந்தால் மாடி எண்ணிக்கையையே பார்க்காதீர்கள். முட்டுக் கணக்கு மட்டும் எல்லோருக்கும் உண்டு; மாடி குறைவு என்பதற்காகத் தளத்தின் தடிமன் கூடிவிடுவதில்லை.

வரைபடத்தின் ஓரத்தில் குறிப்புகள் என்று ஒரு பட்டி இருக்கும். கான்கிரீட்டின் தரம், கம்பியின் தரம், கவர் எத்தனை மில்லிமீட்டர் எல்லாம் இருக்கும். அங்கே மூன்று வரி கூடுதலாக எழுதச் சொல்கிறேன். எத்தனை மாடிக்கு முட்டு நிற்க வேண்டும் என்று ஒன்று. பெரிய கர்டர் இருந்தால் அதன் முட்டு எந்தத் தளம் போட்ட பிறகு எடுக்கலாம் என்று ஒன்று. எந்த வேகத்தில் மாடி ஏறும் என்று வைத்துக் கணக்கு போட்டிருக்கிறோம் என்று ஒன்று. வேகம் மாறினால் ஒப்பந்தக்காரர் உங்களைக் கூப்பிடுவார். குறைந்தபட்சம், கூப்பிட்டிருக்க வேண்டும் என்பதாவது தாளில் இருக்கும்.